புள்ளி வைத்த பெயர்

புலிக்கல்கொட்டாயில் இருக்கிற நடுகல்லைப் பற்றித் தொல்லியல் துறை போட்ட புத்தகத்தில் ஒன்றரை வரிதான் இருக்கிறது. ஒன்றரை வரியாவது போட்டார்களே என்று சந்தோஷப்படலாம் என்றால், அதிலும் அந்த ஆளின் பெயரை முழுசாகப் போடவில்லை. 'கீழைக்குட்டையார் மகன் ..த்தன் புலி குத்திப் பட்டான் கல்.' அவ்வளவுதான். அப்பன் பேர் இருக்கிறது, புலி இருக்கிறது, செத்த செய்தி இருக்கிறது, செத்தவன் பேர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி. உயிரைக் கொடுத்தவனுக்கு இரண்டு புள்ளி! போதாக்குறைக்குக் கீழே பொடி எழுத்தில் 'சாத்தன் எனலாம்' என்று ஒரு குறிப்பு வேறு.

சுஜாதாவுக்கு அந்த 'எனலாம்' மேல்தான் ஆத்திரம். எனலாமாம்! யாரோ ஊருக்குள் வந்து, 'இவள் பெயர் சுமதி எனலாம்' என்று எழுதிவைத்துவிட்டுப் போனால் அவள் சும்மா விடுவாளா? அவளுக்கு அவன் பெயர் தெரியும். சாத்தன் இல்லை, கூத்தன். கண்டுபிடித்ததே அவள்தான். உலகத்தில் வேறு ஒருத்தருக்கும் அது தெரியாது.

அவள் ஒன்றும் கல்வெட்டுப் படிப்புப் படித்தவள் அல்ல. குந்தாரப்பள்ளியில் பிளஸ் டூ முடித்த கையோடு மாதேஷுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தக்காளித் தோட்டம், இரண்டு மாடு, இரண்டு பிள்ளை என்று இருந்தவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கத்துக்குத் திடீரென்று பழைய கற்கள் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. நடுகல், கல்திட்டை, பாறை ஓவியம் எல்லாவற்றையும் சனிக்கிழமைதோறும் பஸ் வைத்துக் காட்டப்போகிறோம் என்றார்கள். ஊருக்கு ஒரு பெண் வழிகாட்டி வேண்டும். புலிக்கல்கொட்டாயில் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தது சுஜாதா ஒருத்திதான். ஓசூரில் பத்து நாள் பயிற்சி, கழுத்தில் மாட்ட ஓர் அட்டை, வட்டெழுத்துப் படிக்க ஒரு சார்ட். மற்றப் பெண்கள் அந்தச் சார்ட்டை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். இவள் கொண்டுவந்து அடுப்படிச் சுவரில் ஒட்டினாள். குழம்பு கொதிக்கிற நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டே விரலால் காற்றில் எழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள்.

"எம்பொண்டாட்டி மந்திரவாதி ஆயிட்டாடோய்" என்று மாதேஷ் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். அவன் நெடுஞ்சாலை ஓரத்துக் கிரானைட் பட்டறையில் பாலிஷ் போடுகிறவன். பதினெட்டு வருஷமாகக் கல்லோடு புழங்குகிறவன். பெண்டாட்டியும் கல்லோடு புழங்க வந்ததில் அவனுக்கு எவ்வளவு பெருமை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரியும்.

முதல் இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. சனிக்கிழமை பத்து மணிக்கு ஓசூர் பஸ் வரும். ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் வீடெடுத்துத் தங்கி ஃபேக்டரிகளில் வேலை செய்கிற குடும்பங்கள், மதுரைப் பக்கத்து ஆட்கள், திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள், லீவு நாளில் பிள்ளைகளுக்கு எதையாவது காட்ட வேண்டுமே என்று கிளம்பி வருவார்கள். சுஜாதா பிள்ளைகளின் விரலைப் பிடித்துக் கல்லில் வைத்து, "இது மா, இது க" என்று இழுப்பாள். கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கும் பிள்ளைகள்கூட "எனக்கு, எனக்கு" என்று விரலை நீட்டும். செல்லி அக்கா மாமரத்தடியில் வேர்க்கடலை அவித்து விற்பாள். பஸ்காரர்கள் புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

கும்பிடுவது ஏன் என்றால், ஊருக்கு அந்தக் கல் நடுகல் இல்லை, வேடியப்பன் சாமி. கல்யாணப் பத்திரிகை முதலில் அவனுக்குத்தான். மாடு கன்று போட்டால் சீம்பால் அவனுக்குத்தான். வருஷத்துக்கு ஒருதரம் கிடா வெட்டி, எண்ணெயும் மஞ்சளும் பூசி, ஊரே அங்கே பொங்கல் வைக்கும். வீட்டுக்கு ஒரு வேடியோ வேடியப்பனோ என்று பெயர் வைத்த ஆள் உண்டு. "அவனுக்கு வேற எதுக்குடி பேரு? வேடியப்பன்னு கூப்ட்டா வராமயா போயிட்டான்?" என்று செல்லி அக்கா கேட்பாள். ஆனாலும் புலியோடு மல்லுக்கட்டின அந்த நாளில் அவன் அம்மா அவனை வேடியப்பா என்றா கத்திக் கூப்பிட்டிருப்பாள்? இது மட்டும் சுஜாதா மனசில் ஓடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் வருஷம் கல்லைப் 'பாதுகாக்கப்பட்ட சின்னம்' ஆக்கினார்கள். நல்லதுதானே என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சுற்றிலும் கம்பி வேலி வந்தது, கதவு வந்தது, பூட்டு வந்தது, நீல போர்டு வந்தது. எண்ணெய் பூசக் கூடாது. கிடா வெட்டக் கூடாது. அடுப்பு மூட்டக் கூடாது, சுற்றிலும் இத்தனை அடிக்குள் கடை போடக் கூடாது. ஊர்க்காரர்கள் ஒரு வருஷம் வேலிக்கு வெளியே நின்று கற்பூரம் காட்டிப் பார்த்தார்கள், அப்புறம் அவர்களுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. செல்லி அக்காவின் கடலைச் சட்டி வீட்டுக்குப் போனது. பஸ்ஸில் வந்தவர்கள் உட்கார இடமில்லாமல், வாயில் போட ஒன்றுமில்லாமல், வேலிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு "இதுக்கா இவ்ளோ தூரம்?" என்று திரும்பினார்கள். வாராவாரம் வந்த பஸ் மாசத்துக்கு ஒன்றானது. அதற்குள் மேலே கொள்கை மாறிவிட்டது. ஊர் ஊராக எதற்கு அலைய வேண்டும், பெரிய ஊரில் கண்ணாடிக் கட்டடம் கட்டி, ஏசி போட்டு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டால் சனங்கள் அங்கே வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானதாம். கடைசியில் பஸ்ஸும் நின்றது. நின்றுபோன செய்தியைக்கூட யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மூன்று மாசம் பஸ் வரவேண்டிய சனிக்கிழமையில் அட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றுவிட்டு, நாலாவது மாசம் அவளாகவே தெரிந்துகொண்டாள்.

வேலிச் சாவி மட்டும் அவளிடமே இருந்தது. அதைக் கேட்கவும் யாரும் வரவில்லை.

யாருமே வராத அந்தக் காலத்தில்தான் அவள் பெயரைக் கண்டுபிடித்தாள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் துறைக்காரர்கள் மை ஒற்றிப் படி எடுத்தபோது அந்த ஓர் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மை ஒட்டாமல் போயிருக்கிறது. இரண்டு புள்ளிக்குக் காரணம் அதுதான். வேலி போட்டபின் எண்ணெய் நின்றது. மூன்று மழைக்காலம் பிசுக்கைக் கரைத்தது. ஒருநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு, மாந்தோப்புக்கு மேலாக வெயில் சாய்ந்து கல்லின் மேல் விழும்போது, 'த்தன்'னுக்கு முன்னால் ஏதோ ஒரு நிழல் நெளிந்ததுபோல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தாள். மேலே ஒரு கோடு, கீழே ஒரு வளைவு. ஓடிப்போய் அடுப்படிச் சார்ட்டைப் பார்த்தாள். திரும்ப ஓடிவந்து தடவினாள். கூ! சா இல்லை, கூ. வேலிக்குள் தனியாக நின்றுகொண்டு, "கூத்தா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டாள். கூப்பிட்டதும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது, அழுகையும் வந்தது.

போனில் எத்தனை படம் எடுத்தும் அந்த எழுத்து விழவில்லை. நாலரை மணி வெயிலும் விரலும் இருந்தால்தான் அது உண்டு. துறைக்கு ஒரு கடிதம் எழுதினாள். எழுத்தை வரைந்து, இந்தத் தேதியில் இந்த நேரத்தில் பார்த்தேன், நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்று பணிவாகக் கேட்டிருந்தாள். 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி பதில் வந்தது. அதற்குப்பின் பதினாலு மாசம் ஒரு சத்தமும் இல்லை. அவள் தினமும் நாலரைக்குப் போய் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துவிட்டு வருவாள். மாடு கறக்கிறதுபோல அதுவும் அவளுக்கு ஒரு வேலையாகிவிட்டது.

போன மாசம் ஒருநாள் போன் வந்தது.

"நான் அசோக்குமார் பேசுறேன்மா, கல்வெட்டுப் பிரிவு. உங்க லெட்டர் இப்பதான் என் கைக்கு வந்துச்சு. வர்ற செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் ஆய்வுக்கு வர்றோம். எந்த எந்த இடத்தைச் சுற்றுலாப் பட்டியல்ல வச்சுக்கலாம், எதை எடுத்துரலாம்னு பார்க்கணும். மையும் பேப்பரும் கொண்டுவர்றேன். நீங்க சொல்ற எழுத்து சரின்னா, அடுத்த பதிப்புல பேரைத் திருத்திருவோம். கண்டுபிடிச்சது நீங்கன்னும் போடுவோம்."

போனை வைத்துவிட்டு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாதேஷ் பட்டறையிலிருந்து வந்து, முகம் கழுவுவதற்கு முன்பே அவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"பொஸ்தகத்துல உம்பேரா?" என்றான் அவன்.

"எம்பேரு கெடக்குதுய்யா. அவம்பேரு வரும். அந்த ரெண்டு புள்ளி போயிரும். அத மட்டும் பாத்துட்டன்னா போதும் எனக்கு."

மாதேஷுக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். ஆனால் சந்தோஷத்தோடு நிற்கிற ஆளா அவன்? போனில் அந்த இடத்தின் பெயரைப் போட்டுத் தேடினான். வந்து போனவர்கள் எழுதிவைத்திருந்தது வரிசையாக வந்தது. 'வெறும் கல்லு. எழுத்தே தெரியல. டைம் வேஸ்ட்.' 'அழுக்கா ஒரு கல்லு, சுத்தி வேலி. பெட்ரோல் தண்டம்.' அவனுக்குச் சுருக்கென்றது. பெண்டாட்டி மாங்கு மாங்கென்று கட்டிக் காக்கிற கல்லை அழுக்கு என்கிறானே எவனோ! பட்டியலிலிருந்து எடுக்கலாமா என்று பார்க்க வருகிற ஆபீசர்கள் இதைப் படிக்காமலா இருப்பார்கள்?

"கல்லு ரொம்ப அழுக்காத்தான் இருக்குது, சுஜா. ஆபீசருங்க வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணிட்டா நல்லாருக்கும் இல்ல?" என்று கேட்டான்.

அவள் ஆபீசர்களுக்கு என்ன பலகாரம் செய்யலாம் என்ற யோசனையில் இருந்தாள். "ஆமா, சுத்தமா இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

சுத்தம் என்று அவள் சொன்னது தென்னை விளக்குமாற்றால் சருகைத் தள்ளி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதை. அவன் பட்டறையில் கல்லைச் சுத்தம் பண்ணுவது என்றால் மெஷின் போடுவது. அந்த ஒரு வார்த்தையில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இது அப்போது இரண்டு பேருக்குமே தெரியாது.

திங்கட்கிழமை அவள் குந்தாரப்பள்ளிக்குப் போய் ரவை, முந்திரி, வந்தவர்களுக்குப் போட இரண்டு துண்டு, நாலு ரோஜா மாலை என்று வாங்கிக்கொண்டு, மத்தியானம் மூன்று மணிக்குத்தான் திரும்பினாள். ஊருக்குள் நுழையும்போதே மாந்தோப்புப் பக்கமிருந்து வெள்ளையாகச் சேற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி வருவதைப் பார்த்தாள். அது என்ன தண்ணீர் என்று அவளுக்குத் தெரியும். பட்டறை வாசலில் எப்போதும் ஓடுகிற தண்ணீர். பையைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

வேலிக் கதவு திறந்து கிடந்தது, அவள் வீட்டில் விட்டுவிட்டுப் போன சாவி பூட்டிலேயே தொங்கியது. தோப்பு மோட்டார் ரூமிலிருந்து நீளமாக ஒயர் வந்திருந்தது. மாதேஷ் முழங்கால்வரை வெள்ளைச் சேறும், கையில் பாலிஷ் மெஷினுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் கல் பளபளவென்று கறுப்பாக நின்றது. அதில் மாமரம் தெரிந்தது, வானம் தெரிந்தது, கிட்டத்தில் போனபோது எழுத்திருந்த இடத்தில் அவள் முகம் தெரிந்தது.

"எழுத்து வரல, சுஜா" என்றான் மாதேஷ்.

அவள் விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். வழுக்கிக்கொண்டு போனது. திரும்ப வைத்தாள். திரும்ப வழுக்கியது.

"மொதல்ல சொரசொரன்னு இருக்கற ஐம்பது நம்பர் பாலிஷ் பேடு போட்டேன். அழுக்குத் தோலு போச்சு. எழுத்து லேசா மங்குன மாதிரி இருந்துச்சு. பரவால்ல, அடியில ஆழமா இருக்கும், இன்னுங் கொஞ்சம் போட்டா பளிச்சுன்னு வந்துரும்னு போட்டேன். நாங்க பேரு வெட்டுற கல்லெல்லாம் அப்பிடித்தானே, எத்தன தேய்ச்சாலும் எழுத்து அடியில நிக்கும். இதுல வரல. நூறு போட்டேன். இருநூறு போட்டேன். இப்ப வந்துரும் இப்ப வந்துரும்னே..." மெஷினைக் கீழே வைத்தான். "கண்ணாடியா ஆக்குற மூவாயிரம் வரைக்கும் போட்டுட்டேன், சுஜா."

"இல்லன்னு தெரிஞ்சப்புறம் எதுக்குய்யா மூவாயிரம் வரைக்கும் போட்ட?"

"பாதியில வுட்டா கல்லு அசிங்கமா நிக்குமே. உனக்குக் கொறச்சலா போயிருமேன்னு."

"அடப் பாவி, அடப் பாவி" என்று அவன் தோளில் இரண்டு கையாலும் அடித்தாள். அவன் தடுக்கவில்லை. ஆயிரம் வருஷம் மழையும் வெயிலும் எண்ணெயும் செய்யாததை, அவள்மேல் உயிரையே வைத்திருந்தவன் ஒரு மத்தியானத்தில் செய்து முடித்திருந்தான். அவனைத் திட்டவும் அவளுக்கு மனசு வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. சேற்றிலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்து கதறி அழுதாள்.

சத்தம் கேட்டு வந்த செல்லி அக்கா கல்லைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எம்மாடியோவ்! எப்பிடி மின்னுறான் பாரு எங்கப்பன்! நல்ல காரியம் பண்ணுனடா மாதேசு, நீ நல்லாருப்ப!" என்றாள். அப்புறம்தான் இவர்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் அசோக்குமார், ஐம்பது வயதிருக்கும், தோளில் நீளமான காகிதச் சுருள். இன்னொருவர் சுற்றுலாப் பக்கத்து அம்மா, கையில் டேப்லெட். அந்த அம்மாவுக்கு நேரமில்லை. அன்றைக்கே இன்னும் ஐந்து ஊர் பார்க்க வேண்டுமாம்.

"பார்க்கிங்?" என்றார் அந்த அம்மா.

"இல்லீங்க."

"டாய்லெட்?"

"இல்லீங்க."

"கல் நல்லா ஷைனிங்கா இருக்கே. போட்டோவுக்கு நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு ஒரு படம் எடுத்தார். "ஆனா எழுத்தே இல்லையே. ஆன்லைன்லயும் எழுத்து இல்லன்னுதான் போட்டிருக்காங்க." டேப்லெட்டில் எதையோ தட்டிவிட்டு, செல்லி அக்கா நீட்டிய கேசரித் தட்டை வாங்கிக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டார்.

அசோக்குமார் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தார். சுஜாதா தடவிய அதே இடத்தில் தடவினார். முகம் செத்துப்போய்விட்டது. கீழே பார்த்தார். எவ்வளவு கழுவிவிட்டும் புல் வேரில் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. மாமரத்தடியில் கைகட்டிக்கொண்டு நின்ற மாதேஷைப் பார்த்தார், அவன் விரல் இடுக்குகளைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்தார். பதினாலு மாசத்துக்கு முன்னால் அவள் எழுதிய கடிதம். அவள் வரைந்த 'கூ' அதில் அப்படியே இருந்தது.

"இது நீங்க எழுதினதுதானேம்மா?"

"ஆமா சார்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் சொல்றத நல்லாக் கேளுங்க. கேட்டுட்டு நிதானமாப் பதில் சொல்லுங்க. இந்த லெட்டர்ல இருக்கறது உண்மைன்னா, போன வருஷம் வரைக்கும் இந்தக் கல்லுல எழுத்து இருந்திருக்கு. அப்படின்னா அதுக்கப்புறந்தான் யாரோ மெஷின் போட்டிருக்காங்க. நான் இன்னைக்கே போலீஸ்ல புகார் குடுத்தாகணும். யாரு எந்தப் பட்டறையில இருந்து மெஷின் எடுத்துட்டு வந்தாங்கன்னு அவங்க ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருவாங்க. ஆளு உள்ள போயிருவாரு. அதுல மாத்தமே இல்ல."

அவர் கடிதத்தை விரலால் தட்டினார்.

"லெட்டர் தப்புன்னா கதை வேற. கடைசியா இந்த எழுத்தைத் துறை பார்த்தது ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி. நடுவுல எப்ப போச்சு, யாரு தேய்ச்சான்னு யாருக்குத் தெரியும்?"

"ஊருல எப்பவோ போட்டது சாமி, பண்டிகைக்கு" என்று வேலியோரம் நின்ற செல்லி அக்கா அங்கிருந்தே கத்தினாள். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னாள், பாவம்.

சுஜாதா கல்லைப் பார்த்தாள். கல்லின் அடிப்பக்கத்தில் செதுக்கியிருந்த வீரன், மூக்கு தேய்ந்துபோய், புலியின் வாயில் கத்தியைச் செருகிக்கொண்டு நின்றான். அவனுக்கு மேலே அவள் முகம் தெரிந்தது, அவள் தோளுக்குப் பின்னால் தூரத்தில் மாதேஷ் தெரிந்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேஸ் கட்டில் அவள் கடிதம் சாட்சியாக ஏறும், கூத்தன் என்ற பெயர் ஏறும், எந்தக் காலத்திலாவது எவராவது அதைப் படித்துப் பார்த்துப் புள்ளியை எடுத்துவிட்டுப் பெயரைப் போடுவார். மாதேஷ் ஜெயிலுக்குப் போவான். அவளுக்குக் குறைச்சலாகிவிடக் கூடாது என்று மூவாயிரம் நம்பர் வரைக்கும் தேய்த்தவன்.

"நாந்தான் தப்பாப் பாத்துட்டேன் சார்" என்றாள்.

"எழுத்து?"

"எழுத்தெல்லாம் இல்ல சார். மழக்கறையப் பாத்துட்டு எழுத்துன்னு நெனச்சிட்டேன். நான் என்னா பெரிய படிப்பா படிச்சேன்."

அவர் அந்தக் கடிதத்தைத் திருப்பி, பேனாவோடு அவளிடம் கொடுத்தார். "அதைப் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க."

வேலியோரக் கல்மேல் வைத்து எழுதினாள். 'மேற்படி கடிதத்தில் நான் குறிப்பிட்டது தவறு. அந்த இடத்தில் எழுத்து எதுவும் நான் பார்க்கவில்லை.' கையெழுத்துப் போட்டாள். சுஜாதா என்று முழுசாக, ஒரு புள்ளியும் விடாமல் போட்டாள்.

அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். டேப்லெட் அம்மா ஜீப்பில் ஏறி ஹாரன் அடிக்கச் சொன்னார். அசோக்குமார் போகாமல் நின்றார்.

"இது எங்கயும் போகாதும்மா. எனக்கு மட்டும் சொல்லுங்க. நீங்க அதைப் பார்த்தீங்கதானே? கூத்தன்தானே?"

சொல்லியிருக்கலாம். ஒரு மனுஷர் காதிலாவது 'ஆமாம், கூத்தன்தான்' என்று போட்டுவைத்திருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் இந்தக் கடிதத்தைப் பதினாலு மாசம் படிக்காமல் வைத்திருந்த ஆபீசைச் சேர்ந்தவர் இவர். நாளைக்கு யாருக்கு எது தோன்றுமோ, எந்தக் காகிதம் எங்கே போய் நிற்குமோ, யார் கண்டது?

"இல்ல சார். பாக்கல" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். "நாங்க முன்னாடியே வந்திருக்கணும்" என்றார். பிரிக்காத காகிதச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு, இனி இந்த இடம் பட்டியலில் இராது, வேலியையும் கழற்றிக்கொண்டு போவார்கள், சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று கையை நீட்டினார். அவள் முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். ரோஜா மாலைகளை யாருக்கும் போட மறந்துபோயிருந்தது. ஜீப் போனதும் செல்லி அக்கா அவற்றை எடுத்து நாலையும் கல்லுக்குப் போட்டாள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது மாதேஷ் முன்னாலேயே வந்து அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் தொடாமல் இருந்தான். அவள் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு நேர்மேலே சுவரில் அந்தச் சார்ட், குழம்புத் தெறிப்போடு.

"கேஸ் இல்லன்னு செல்லி அக்கா சொன்னா."

"இல்ல."

"அவரு எதுவும் கண்டுபுடிக்கல?"

"எல்லாங் கண்டுபுடிச்சாரு. சாப்புடு."

அவன் ஒரு வாய் எடுத்தான். திரும்பத் தட்டில் வைத்தான். "அந்தப் பேர மட்டுமாச்சும் சொன்னியா, சுஜா? எழுதிக்கினாரா?"

"எழுதினது நான்" என்றாள் அவள். "அங்க எழுத்தே இல்ல, நான் பாக்கவே இல்லன்னு என் கைய்யால எழுதிக் குடுத்துட்டேன்."

மாதேஷ் தட்டைத் தள்ளிவிட்டு முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். பெரிய ஆள் அப்படி விம்மி விம்மி அழுவதை அவள் கல்யாணமான இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. எழுந்து போய் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவன் மயிரிலிருந்து இன்னும் வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

வெளியே மாந்தோப்புக்கு மேலே வெயில் சாய்ந்தது. மணி நாலரை ஆனது. அவள் போகவில்லை.